உஸ்தாத் முத்தஸிமின் தண்ணீர்ச் சக்கரம்

துலூல் ஊர்த் தண்ணீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசியை எடுப்பவள் நான். குழாய் வறண்டால் ஊர் முதலில் திட்டுவது என்னைத்தான். மாடியில் யாரோ செய்யும் தப்புக்கெல்லாம் கீழே என் காதுதான் குப்பைத்தொட்டி. இப்படிப்பட்டவள் உஸ்தாத் முத்தஸிமைப் பற்றி நடுநிலையோடு எழுதுவாள் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். போதாக்குறைக்கு அவர் எங்கள் எதிர்வீடு. பகலெல்லாம் அவர் வேலைக்காகத் திட்டு வாங்கிவிட்டு, சாயங்காலம் படிக்கட்டில் அவருக்கே ஸலாம் சொல்லிக் கழித்த ஒரு கோடைகாலத்தின் எரிச்சல் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஆள் கெட்டவர் இல்லை. எங்கள் அலுவலகத்தில் யாரிடமும் கைநீட்டாதவர்களை விரல்விட்டு எண்ணினால் முதல் விரல் அவர். என் மாமனார் இறந்த அன்று துக்கத்துக்கு வந்தவர்களுக்காக நாற்காலிகளைத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றியவரும் அவர்தான். அவருடைய வியாதி வேறு. எதையும் உள்ளது உள்ளபடி காட்டினால், அது உடுப்பில்லாமல் நிற்பதாக அவருக்குத் தோன்றும். உடனே ஓடிப்போய் எதையாவது போர்த்திவிடுவார்.

அந்த வியாதி சின்ன வயதிலேயே பிடித்தது. பள்ளிக்கூடத்தில் அவரும் என் அண்ணனும் ஒரே வகுப்பு. நாட்டின் வரைபடம் வரைந்து வரச் சொன்னார்கள். முத்தஸிம் கடலுக்கு நீலத்தை அப்பி, மலைகளுக்கெல்லாம் நிழல் போட்டு, மூலைக்கு மூலை பேரீச்சமரம் வரைந்து கொண்டுபோனார். ஊர்ப்பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை. தலைநகரைத் தேடினால் அது ஒரு மரத்தின் வேருக்கடியில் கிடந்தது. என் அண்ணன் பென்சிலால் கோடு போட்டு ஒவ்வோர் ஊருக்கும் பெயர் எழுதியிருந்தான். பரிசு முத்தஸிமுக்குப் போனது. தலைமையாசிரியர் அந்தப் படத்தைத் தன் அறையில் மாட்டிவைத்தார். "இதுல இர்பித் எங்கடா இருக்கு?" என்று அந்த மனிதர் அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், பின்னாளில் எங்கள் ஊர் பட்ட பாட்டில் பாதி மிச்சமாகியிருக்கும்.

வளர்ந்து தண்ணீர் அலுவலகத்துக்கு வந்தார். மாதாந்தர அறிக்கைக்குப் படம் போடுவது அவர் வேலை. எந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணீர் கசிந்து வீணானது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். இவர் அதை வட்டமாக்குவார், வட்டத்தை ரொட்டியாக உப்பவைப்பார், ரொட்டியைச் சாய்த்து வைத்து அடியில் நிழல் விடுவார். சாய்த்து வைத்த ரொட்டியில் நம் பக்கம் இருக்கும் துண்டு எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். இயக்குநருக்குப் பிடித்த துண்டு முன்னால் வரும், பிடிக்காதது பின்னால் போய்ச் சுருண்டுகொள்ளும். எண்களில் பொய் கிடையாது, கண்ணில்தான் மண்.

இன்னொரு வித்தை, படத்தில் அளவு காட்டும் கம்பங்களின் காலை வெட்டுவது. போன வருடத்தைவிட இந்த வருடம் ஒரு துளி கூடியிருக்கும். காலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் காட்டினால், குள்ளனுக்குப் பக்கத்தில் அரக்கன் நிற்பதுபோல் இருக்கும்.

"இந்தக் கம்பத்துக்கெல்லாம் கால் எங்க உஸ்தாத்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கால் எதுக்கு உம் ஸைஃப்? ஜனங்க முகத்தைத்தானே பாப்பாங்க."

நான் ஸைஃபின் அம்மா, அதனால் ஊருக்கு உம் ஸைஃப். அவர் ஜுமானாவின் அப்பா, தெருவில் அவருக்கு அபு ஜுமானா என்று பெயர். ஆனால் அலுவலகத்தில் அவரை ஆசான் என்கிற மரியாதையில் உஸ்தாத் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அறிக்கைப் படங்களை இயக்குநரைத் தவிர யாரும் பார்ப்பதில்லை என்பதால் அதுவரை ஊருக்குச் சேதாரம் இல்லை. தண்ணீர் முறை அட்டவணையில் கைவைத்தபோதுதான் வினை வந்தது.

எங்கள் ஊரில் ஒவ்வொரு பகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் தண்ணீர். அன்றைக்கு வீட்டில் ஆள் இருந்து, குழாயைத் திறந்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பினால்தான் அடுத்த முறைவரை பிழைக்கலாம். துணி துவைப்பது, விருந்து, பிள்ளைகளுக்குத் தலைமுழுக்கு எல்லாம் அந்த நாளைச் சுற்றித்தான் நடக்கும். பழைய அட்டவணை என்பது ஒரு சாதாரணத் தாள். பகுதியின் பெயர், பக்கத்தில் கிழமை. பார்க்க லட்சணமாக இருக்காதுதான். ஆனால் ரொட்டிக் கடைக்கு வந்தவன், மீதிச் சில்லறை கைக்கு வருவதற்குள் படித்து முடித்துவிடுவான்.

அந்த வருடம் தகவல்களைத் தெளிவாகக் காட்டுவது எப்படி என்று துபாயில் ஒரு பயிற்சி நடந்தது. அலுவலகச் செலவில் முத்தஸிம் போய்வந்தார். சொல்லிக்கொடுத்தவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் கொண்டுவந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன், எல்லாம் நல்ல சங்கதிகள்தான். தேவையில்லாததை எடுத்துவிடு. ஒரு படத்தில் ஒரு சேதியைச் சொல். பெயரைப் பொருளின் மேலேயே எழுது, பார்க்கிறவரைத் தேடி அலையவிடாதே. காரணமில்லாமல் வண்ணம் பூசாதே. யாருக்காக வரைகிறாயோ அவரிடம் காட்டிக் கேள். இத்தனையையும் படித்துவிட்டு, இத்தனையையும் தலைகீழாகச் செய்வதற்குத் தனித் திறமை வேண்டும். அது அவரிடம் ஏராளமாக இருந்தது.

கோடை தொடங்கியதும் தண்ணீர் குறைந்து எல்லாப் பகுதிகளின் முறை நாளும் மாறியது. புது அட்டவணையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளைபோல் மாடியிலிருந்து இறங்கி வந்தார் முத்தஸிம். என் மேசையில் விரித்தார். சக்கரம். ஏழு இதழ்களோடு ஒரு பெரிய பூச்சக்கரம், நடுவில் சிறகு விரித்த பருந்து, அதன் அலகில் ஒரு தண்ணீர்த் துளி.

"தேவையில்லாததை எடுத்துடணும்னு அங்க சொன்னாங்க உம் ஸைஃப். எடுத்துட்டேன்."

"எதை எடுத்தீங்க?"

"கிழமைப் பேரை."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கேலி செய்கிற முகமாக இல்லை.

"கிழமை இல்லாம எப்பிடி உஸ்தாத் கண்டுபிடிப்பாங்க?"

"உச்சியில இருக்கற இதழ் சனிக்கிழமை, வாரத்தோட மொத நாள். அங்கேர்ந்து வரிசையா எண்ணிட்டே போனா தன்னால வந்துடும். கிழமை வரிசை தெரியாதவன் யாராவது இருக்கானா? தெரிஞ்சதையே எழுதி வச்சா ஜனங்களை மட்டம் தட்டற மாதிரி ஆயிடும்."

"சரி, பருந்து எதுக்கு?"

"பருந்து இல்லாம நடு வெறிச்சுனு இருக்குமே!"

ஏழு இதழ்களும் ஏழு நீலம். எல்லாமே தண்ணீர் என்பதால் எல்லாமே நீலமாம். பகுதிகளின் பெயர்களை இதழின் வளைவோடு வளைத்து, மயிரிழை எழுத்தில் எழுதியிருந்தார். படிக்கிறவன் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும். விளக்கம் இல்லாமலில்லை, விரிவாகவே இருந்தது, தாளின் பின்பக்கத்தில். தாளைச் சுவரில் ஒட்டியாயிற்று.

இவை எல்லாவற்றையும்கூட ஊர் சமாளித்திருக்கும். எந்தப் பக்கமாக எண்ணுவது என்பதை மட்டும் அவர் எங்கேயும் சொல்லவில்லை. பயிற்சியில் கொடுத்த மாதிரிச் சக்கரம் கடிகாரம் போல வலப்பக்கம் சுற்றுவது. இவரும் அப்படியே வைத்துக்கொண்டார். எங்கள் கண்ணோ வலத்திலிருந்து இடத்துக்குப் போய்ப் பழகியது. அரபி எழுதுவதும் அப்படி, படிப்பதும் அப்படி. உச்சியில் நின்று அடுத்தது எது என்று பார்த்தால் கண் தன்னால் இடப்பக்கம் இறங்கும். கையில் கடிகாரம் கட்டியவர்கள் வலப்பக்கம் இறங்கினார்கள். இரண்டு கட்சியும் ஒத்துப்போவது சனிக்கிழமை ஒன்றில்தான். மற்ற நாளெல்லாம் ஒருவருக்குத் திங்கள் என்றால் இன்னொருவருக்கு வியாழன். காப்பிக் கடைகளில் அடிதடி நடக்காத குறை. மேல்தெருவில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் எண்ணி, அவள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்கே போய்விட்டாள். அங்கே தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

தொலைபேசி காதிலேயே ஒட்டிக்கொண்டது எனக்கு.

"எங்க தெரு வெளிர்நீலம்னு என் பையன் சொல்றான், சாம்பல்நீலம்னு மருமக சொல்றா. நீயே சொல்லும்மா, நான் எப்பதான் துணி துவைக்கறது?"

"பருந்து பாக்கற பக்கமா எண்ணணுமா, வால் பக்கமா எண்ணணுமா?"

"யாரு வரைஞ்சது இதை? அவன் கைக்கு வளையல் போட!"

ஒவ்வொருவருக்கும் கிழமையைச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. பொறுக்க முடியாமல் மாடிக்கு ஏறினேன்.

"உஸ்தாத், ஒரே ஒரு அம்புக்குறி போடுங்க. சின்னதா போதும். எந்தப் பக்கம்னாவது தெரியட்டும்."

"அம்பு போட்டா பருந்தைக் குத்தற மாதிரி இருக்கும் உம் ஸைஃப்."

"ஊரே என்னைக் குத்துதே, அது பரவாயில்லையா? நாள் பூரா போன் அடிச்சுக்கிட்டே இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "நிஜமாவா? முன்னைவிட அதிகமா வருதா?"

நான் ஆமாம் என்று சொன்னதுதான் தப்பு. அடுத்த அறிக்கையில் என் காதில் விழுந்த வசவெல்லாம் 'மக்கள் தொடர்பு' என்ற தலைப்பில் ஒரு பச்சை அம்பாகி வானத்தைப் பார்த்துக் கிளம்பியது. அங்கே அம்பு யாரையும் குத்தவில்லை போலிருக்கிறது. இயக்குநருக்குப் பரம சந்தோஷம். தலைநகரில் நடக்கவிருந்த அரசு அலுவலகப் படங்களின் கண்காட்சிக்குச் சக்கரத்தின் பெயரை அனுப்பிவைத்தார். ஊரில் அது புழக்கத்தில் இருப்பதைக் கண்காட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று சேதி வந்தது. முத்தஸிமின் கால் தரையில் படவில்லை.

"எங்க வீட்ல தண்ணி ஒழுங்காத்தான் வருது. புரியலைங்கறவங்க சரியா பாக்கலைனு அர்த்தம்" என்பார்.

அவர் வீட்டில் ஏன் வராது? எங்கள் பகுதிக்கு அப்போது சனிக்கிழமை முறை. எந்தப் பக்கம் எண்ணினாலும் உச்சி உச்சிதான்.

கோடை முற்றியபோது ஒரு பம்பு பழுதாகி, முறை நாட்கள் மறுபடி மாறின. புதுச் சக்கரம் வந்தது. எங்கள் பகுதி உச்சியிலிருந்து இறங்கித் திங்கட்கிழமைக்குப் போனது. இடப்பக்கமாக எண்ணினால் அதே இதழ் வியாழக்கிழமை. சக்கரம் வரைந்தவர் வீட்டுக்குப் போய் நான் கிழமை சொல்வதா என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் முத்தஸிமின் ஒரே மகள் ஜுமானாவைக் கேட்டு ஜாஹா வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் தரப்பு ஆண்கள் கூட்டமாக வந்து பெண்ணை முறைப்படி கேட்கும் நாள். மாப்பிள்ளை யஸன், பல் ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு குடும்பத்துக்கும் பழைய வாய்க்கால் தகராறு ஒன்று இருந்ததால், பேச்சு இரண்டு வருடமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தது. ஜுமானா அழுது, பட்டினி கிடந்து, கடைசியில் இரண்டு பக்கமும் இறங்கிவந்து நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அவள் அம்மா இன்ஷிராஹ் வீட்டு நிர்வாகத்தில் புலி. நாள் குறிப்பதற்கு முன்னாலேயே புருஷனிடம் கேட்டிருக்கிறாள், "நம்ம முறை எந்தக் கிழமைக்கு மாறுது?" என்று. "அதுக்குத்தானே சக்கரம் வரைஞ்சேன், ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு, பாரு" என்று சொல்லிவிட்டார் மனிதர். அவள் பார்த்தாள். உச்சியிலிருந்து இடப்பக்கமாக, நம்மில் யாரும் செய்கிற மாதிரி, எண்ணினாள். வியாழன். விருந்துக்கு முதல் நாள் தொட்டி நிரம்பும், இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா என்று அகமகிழ்ந்துபோனாள்.

திங்கட்கிழமை தண்ணீர் வந்தது. தாயும் மகளும் உடுப்பு எடுக்கத் தலைநகருக்குப் போயிருந்தார்கள். அவர்கள் குழாய் மூடிக் கிடந்தது. புதன்கிழமை இன்ஷிராஹ் கம்பளங்கள், திரைச்சீலைகள், மெத்தை உறைகள் எல்லாவற்றையும் போட்டுத் துவைத்துத் தள்ளினாள். நாளைக்குத்தான் தொட்டி நிரம்பப்போகிறதே என்று தாராளமாக ஊற்றினாள். தொட்டி நிறைய இருக்கிறது, துவைக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் என் மேசைத் தொலைபேசி அடித்தது. வெளி அழைப்பில்லை, மாடியிலிருந்து. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார் முத்தஸிம்.

"உம் ஸைஃப்... நம்ம பகுதிக்கு இன்னிக்குத்தானே முறை?"

"வாசல்ல சக்கரம் ஒட்டியிருக்கே உஸ்தாத்."

"விளையாடாதீங்க. வீட்லேர்ந்து போன் வந்துச்சு. குழாய்ல காத்துதான் வருதாம்."

"நம்ம முறை திங்கக்கிழமை. போயிடுச்சு. இனி அடுத்த திங்கள்தான்."

இப்படி ஒரு நாளுக்காக நான் கோடை முழுவதும் ஏங்கியிருக்கிறேன். வந்தபோது அவ்வளவு ருசிக்கவில்லை, ஜுமானாவின் முகம் குறுக்கே வந்துவிட்டது.

மனிதர் அலைந்த அலைச்சலைச் சொல்லி முடியாது. தண்ணீர் லாரிக்காரர்கள் எல்லாரும் கைவிரித்தார்கள். சக்கரத்தின் புண்ணியத்தில் பாதி ஊர் லாரிக்குக் காத்துக் கிடந்தது. நம் பகுதிக்கு மட்டும் ஒரு மணி நேரம் திறந்துவிடச் சொல்லலாமென்றால், வால்வுச் சாவிக்கு இயக்குநர் உத்தரவு வேண்டும். இயக்குநர் அகபாவில் கடலில் குளித்துக்கொண்டிருந்தார், போனை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இன்ஷிராஹ் கையில் வாளியோடு என் கதவைத் தட்டினாள். கண் வீங்கியிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லாத உம் ஸைஃப். இன்னிக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாத."

சொல்லவில்லை. என் தொட்டியிலும் பாதிக்குக் கீழேதான் கிடந்தது. காப்பிக்குக் கொஞ்சமும், கழிப்பறைக்கு இரண்டு வாளியும் எடுத்துக் கொடுத்துவிட்டு, நானும் கூடப் போய் வேலையில் இறங்கினேன்.

சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். வரவேற்பறை நிறைய ஆண்கள், கஞ்சிபோட்ட சட்டைகள், அத்தர் வாசனை. பெண்கள் நாங்கள் உள்ளறையில், ஒருக்களித்த கதவுக்குப் பின்னால். முத்தஸிமின் தகப்பனார் இல்லை, அண்ணன் வளைகுடாவில், ஆகவே பதில் சொல்ல வேண்டியவர் அவரேதான். மாப்பிள்ளை தரப்பில் பேச வந்தவர் யஸனின் தாய்மாமன் அபு ஸக்ர். டயர் கடைக்காரர். ஊரில் எந்த ஜாஹாவானாலும் அவர்தான் பேசுவார், எல்லாவற்றிலும் அதே பேச்சைத்தான் பேசுவார்.

பேச்சு தொடங்குவதற்கு முன்னாலேயே மானம் போனது. மாப்பிள்ளையின் சித்தப்பா கைகழுவ எழுந்து போனார். குழாயைத் திருகிய சத்தம் கேட்டது. குழாய் நான்கு முறை இருமியது. அவ்வளவுதான். அவர் ஈரமில்லாத கையோடு திரும்பிவந்து, வெள்ளந்தியாக, "தண்ணி ஆபீஸ் வீட்லயும் இதே கதிதானா அபு ஜுமானா?" என்று கேட்டுவிட்டார். சில பேர் தாடியைத் தடவுகிற சாக்கில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அபு ஸக்ர் தன் மனப்பாடப் பேச்சைப் பேசினார். இறைவனைப் புகழ்ந்து, இரண்டு குடும்பத்தையும் புகழ்ந்து, "உங்க பொண்ணு ஜுமானாவை எங்க பையன் யஸனுக்குக் கேட்டு வந்திருக்கோம்" என்று முடித்தார். அவர் முன்னால் காப்பிக் கிண்ணத்தை வைத்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை அதைத் தொடமாட்டார்கள். பெண்ணின் தகப்பன், "குடிங்க, நீங்க கேட்டது உங்களுக்குத்தான்" என்று சொன்ன பிறகுதான் கிண்ணம் உதட்டுக்குப் போகும். தொடாமல் எழுந்துவிட்டால் சம்பந்தம் முறிந்தது, அத்தோடு பேச்சுவார்த்தையும் முறிந்தது.

முத்தஸிம் வாயைத் திறந்தார். அபு ஸக்ர் கையை உயர்த்தினார்.

"பொறுங்க. இன்னொண்ணும் கேக்க வேண்டியிருக்கு."

அறை திடுக்கிட்டது. இரண்டாவது கோரிக்கை என்று ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை.

"நான் ஒழுங்கா குளிச்சு நாளாச்சு," என்றார் அபு ஸக்ர். ஊர் நன்மைக்காக அவர் ஒன்றும் பேசவில்லை, தன் அக்குளுக்காகத்தான் பேசினார். "நான் ஒரு பக்கம் எண்ணறேன், என் பெண்டாட்டி ஒரு பக்கம் எண்ணறா. ரெண்டு பேருக்கும் தண்ணி இல்ல. இன்னிக்கு ஜும்ஆத் தொழுகைக்குக் கடையில பாட்டில் தண்ணி வாங்கி முகம் கழுவிட்டுப் போனேன். எனக்குப் பொண்ணும் வேணும், அந்தச் சக்கரம் சுவத்துலேர்ந்து இறங்கவும் வேணும். ரெண்டும் குடுத்தா காப்பியைக் குடிக்கிறேன்."

"அது ரொம்பத் தெளிவா இருக்கு அபு ஸக்ர்," என்றார் முத்தஸிம். மனிதர் விடவில்லை. "நிதானமா பாத்தா யாருக்கும் புரியும்."

"அப்படின்னா நீங்களே படிச்சுக் காட்டுங்க. உங்க வீட்டுக்கு எப்ப முறை?"

நான் ஒன்றும் செய்யவில்லை. இன்ஷிராஹ்தான் விடுவிடுவென்று போய் ஃப்ரிட்ஜிலிருந்து சக்கரத்தைப் பிய்த்து, கதவிடுக்கு வழியாக நீட்டினாள். முத்தஸிம் அதை மடியில் விரித்தார். உச்சியில் விரலை வைத்தார். அத்தனை பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதற்றத்தில் மனிதருக்குத் துபாய் மறந்துபோயிற்று. தாய்ப்பாலோடு வந்த பழக்கம் மட்டும் மிச்சமிருந்தது. விரல் இடப்பக்கம் இறங்கியது. சனி, ஞாயிறு, திங்கள் என்று உதடு அசைய எண்ணிக்கொண்டே போய், எங்கள் பகுதியில் நின்றது.

"வியாழக்கிழமை," என்றார்.

"நேத்து வியாழக்கிழமைதான்," என்றார் கைகழுவப் போன சித்தப்பா.

சிரிப்பு வெடித்தது. முத்தஸிம் சிரிப்பு அடங்கும்வரை சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை மறுபடி உச்சிக்குக் கொண்டுபோய் வலப்பக்கமாக எண்ணிப் பார்த்தார். திங்கட்கிழமை வந்தது.

"கண்காட்சிக்கு எடுக்கறதா இருக்காங்க," என்றார் மெல்ல. "ஊர்ல ஒட்டியிருக்கறதைப் பாத்துட்டுத்தான் கொண்டுபோவாங்க. இப்ப எடுத்துட்டா..."

அபு ஸக்ர் அவசரப்படவில்லை. கிண்ணம் அப்படியே இருந்தது. கதவுக்குப் பின்னால் ஜுமானா என் கையைப் பிடித்திருந்தாள். கோடை முழுக்க அந்த மனிதரைக் கேலி செய்தவள் நான். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. பெற்ற மகளையும் ஒரு பருந்தையும் தராசில் வைத்து யோசிக்கிறானே இந்த மனுஷன் என்று பற்றிக்கொண்டு வந்தது.

இன்ஷிராஹ் கதவைத் திறக்கவில்லை. ஆனால் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அபு ஜுமானா, காப்பி ஆறுது. அது உம் ஸைஃப் வீட்டுத் தண்ணியில போட்டது. ஆறிப்போனா மறுபடி போட என்கிட்ட ஒரு சொட்டு இல்ல."

முத்தஸிம் சக்கரத்தை மடித்தார். பொறுமையாக, ஓரம் ஓரத்தோடு சேர, நான்காக மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

"குடிங்க அபு ஸக்ர். கேட்டது ரெண்டும் உங்களுக்குத்தான்."

அபு ஸக்ர் ஒரே மடக்கில் குடித்தார். சம்பந்தத்தை உறுதி செய்யப் பாத்திஹா ஓதினார்கள். உள்ளே நாங்கள் குலவையிட்ட சத்தம் மேல்தெரு வரை கேட்டிருக்கும். பாகு வழியும் குனாஃபாவை ஆளுக்கு ஒரு தட்டாகக் கொடுத்தோம். சாப்பிட்டுக் கைகழுவத் தண்ணீர் இல்லாமல், அத்தனை பேரும் அந்தப் பிசுபிசுத்த கையோடு வந்து பெண்ணின் தகப்பனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் கையிலிருந்தும் தன் கையைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது அவருக்கு.

வெள்ளி, சனி விடுமுறை கழிந்து ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்ததும் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாள். சவரம் செய்திருக்கவில்லை.

"இதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க உம் ஸைஃப்."

பகுதியின் பெயர், பக்கத்தில் கிழமை. தடித்த கறுப்பு எழுத்து. அவரே கையால் எழுதியிருந்தார், எழுத்து முத்து முத்தாக இருந்தது. வேறொன்றும் இல்லை. படிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

"புரியுதா?"

"புரியுது உஸ்தாத்."

"யாருக்கும் புரியுமா?"

"யாருக்கும் புரியும்."

அவர் போகவில்லை. தாளைத் திரும்ப வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, பிறகு கை நீளத்துக்குத் தள்ளி வைத்துப் பார்த்தார். எதையோ தொலைத்துவிட்டு, கடைசியாக வைத்த இடத்திலேயே தேடுகிறவர் போல் இருந்தது.

"இதுல நான் எங்க இருக்கேன் உம் ஸைஃப்?" என்றார்.

எங்கேயும் இல்லை, அதனால்தான் புரிகிறது என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அவர் கேலிக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். நான் இழுப்பறையைத் திறந்து பசை டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல் கதவுக்குப் போனார்.